பெட்டிக்கு விலை, நோட்டுக்கு எடையா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டர் சேகரிக்கிறவர்களைத் திட்டித்தான் இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் திட்டில் எனக்கும் பங்கு உண்டு. சொல்லப்போனால் பெரிய பங்கே எனக்குத்தான். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

போன செமஸ்டர் லீவில் நடுவட்டம் வந்திருந்தேன். மழை, பனி, கரண்ட் கட். (எங்க ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் பைக்காரா தாண்டி வரும். பஸ்ஸில் தூங்கிவிட்டால் தெரியாமலே கடந்துவிடலாம்.) சித்தப்பாவிடம் ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

"டேய் தம்பி, ஒரு ஸ்கூல்ல கழிச்ச சாமான் ஏத்தறேன். காயலான் கடைக்குப் போவுது. ஏதோ கம்ப்யூட்டர் மாதிரி கெடக்குது. நீதான் அதைப் படிக்கிறியே, வந்து பாத்துட்டுப் போ."

எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்ல மாட்டேன். இந்த மலையில்தான் இருக்கிறது. அது போதும்.

போனேன். உடைந்த பெஞ்சு, துருப்பிடித்த பீரோ, குளோப் ஸ்டாண்டு, இதற்கெல்லாம் அடியில் மூன்று பெட்டிகள். கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒன்றாகவே இருக்கும் தடித்த பெட்டி. மேல் வரிசையில் சிவப்பு ஃபங்ஷன் கீகள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, பி.பி.சி. மைக்ரோ! படத்தில் மட்டுமே பார்த்திருந்த சாமான். பக்கத்தில் ஒரு ஷூ டப்பாவில் ஒன்பது ஆடியோ கேசட். அதோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய காகிதக் கட்டு. கட்டின் மேலே பச்சை அட்டை போட்ட ஒரு லாங் சைஸ் நோட்டு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அங்கேயே நின்று மொபைலில் பெட்டியின் விலையைத் தேடினேன். வெளிநாட்டு ஏலத் தளங்களில் என்ன விலைக்குப் போகிறது, எதற்கு விலை கூடும், எதற்குக் குறையும், எல்லாம் பார்த்தேன். ஒரிஜினல் அட்டைப்பெட்டி இருந்தால் கூடுதல். உடம்பு மஞ்சளாகாமல் இருந்தால் கூடுதல். கீறல், பெயிண்ட், ஸ்டிக்கர் இருந்தால் கழிவு. நோட்டுப் புத்தகத்தைப் பற்றி எந்தப் பட்டியலிலும் ஒரு வரி கிடையாது.

ஆகவே பெட்டிகளை என் ஸ்வெட்டரில் சுற்றி, பச்சைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டேன். போனால் போகிறது என்று கேசட் டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். நோட்டை நாலு பக்கம் புரட்டிவிட்டு, ரெண்டு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பக் கட்டின் மேலேயே வைத்துவிட்டேன். கை நிறைய சாமான், நாளைக்கு வந்து எடுத்துக்கலாம் என்று நினைப்பு.

மறுநாள் கூடலூரில் அந்தக் கடைக்குப் போனால் காகிதம் எல்லாம் லோடு ஏறிப் போய்விட்டது. அரைத்துக் கூழாக்கிவிடுவார்களாம். கடைக்காரர் மேல் தப்பில்லை. பள்ளிக்கூடத்தின் மேல் கோபம் உண்டு. எல்லாரையும் விட என் மேல்தான் அதிகம்.

அந்த நோட்டில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் கோபம் ஏன் என்று புரியும்.

பி.பி.சி. மைக்ரோவுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்து மட்டும்தான். ஆனால் அதன் பேசிக் மொழியில் ஒரு வசதி உண்டு. 'வி.டி.யூ. 23' என்று ஒரு கட்டளை. அதன் பின்னால் ஒரு எண்ணும் எட்டு எண்களும் கொடுத்தால், எட்டுக்கு எட்டு கட்டத்தில் நமக்கு வேண்டிய எழுத்தை நாமே வரைந்துகொள்ளலாம். ஒவ்வொரு எண்ணும் ஒரு வரிசைப் புள்ளிகள். சாதாரணமாக 224 முதல் 255 வரை, மொத்தம் 32 எழுத்துகளுக்கு இடம்.

அந்த நோட்டு முழுக்கக் கட்டம் கட்டமாகத் தமிழ் எழுத்துகள்! பென்சிலால் கட்டத்தை நிரப்பி, பக்கத்தில் எட்டு எண்களைக் கூட்டி எழுதி, தப்பானதை அழித்துத் திரும்ப எழுதி... 'ண' ஒரு கட்டத்தில் அடங்காமல் ரெண்டு கட்டம் எடுத்திருந்தது. தமிழை 32 இடத்தில் அடைக்க முடியாது, இல்லையா? அதனால் எதை வைப்பது, எதை விடுவது என்று ஒரு பட்டியல். 'ஔ' அடிக்கப்பட்டிருந்தது. 'ங' அடிக்கப்பட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் வேறு யோசனை: ஒரு பாடத்துக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் அந்தந்தப் பாடத்தோடு ஏற்றிக்கொள்வது. ஓரத்தில் பிள்ளைகளின் பெயரும், யார் எந்த நாள் மெஷினில் உட்காருவது என்ற முறையும்.

யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் தமிழின் கதையை நாம் எப்படிச் சொல்கிறோம்? 1980களின் நடுவில் கனடாவில் சீனிவாசன் செய்த 'ஆதமி', 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு, அதைத் தொடர்ந்து அரசு அறிவித்த டாம், டாப் தரங்கள், பிறகு யூனிகோட். எல்லாம் சரி, எல்லாம் வேண்டியதுதான். ஆனால் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு சயின்ஸ் வாத்தியார், யாரும் சொல்லாமலே, பென்சிலால் கட்டம் போட்டுத் தமிழ் எழுத்து வரைந்திருக்கிறாரே, அவர் எந்தக் கதையில் வருகிறார்? இப்படி எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு நம்மிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? ஒன்று இருந்தது. ஸ்வெட்டரில் இடமில்லை என்று விட்டுவிட்டு வந்தேன்.

சரி, இந்தப் பெட்டி எங்க மலைக்கு எப்படி வந்தது? அதையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

1981 டிசம்பரில் இங்கிலாந்தில் ஏக்கார்ன் என்ற கம்பெனி, பி.பி.சி.யின் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்துக்காக வெளியிட்ட மெஷின் இது. 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 6502 வகைப் பிராசசர். மாடல் பி.யில் 32 கிலோபைட் நினைவகம். காலையில் உங்கள் மாமா அனுப்பும் ஒரு குட்மார்னிங் படம் இதற்குள் அடங்காது! தரவு வைக்க ஆடியோ கேசட், திரைக்கு வீட்டு டி.வி.யே போதும். மொத்தம் 15 லட்சத்துக்கு மேல் விற்றது.

இந்தியாவில் 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்று பள்ளிகளுக்கான கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ராஜீவ் காந்தி அரசின் புதிய கம்ப்யூட்டர் கொள்கை வந்த அதே சமயம். இந்தத் திட்டத்தில் 12,000 பி.பி.சி. மைக்ரோக்கள் மாநில அரசுகள் வழியாகப் பள்ளிகளுக்குப் போயின. பஞ்சாபின் மொகாலியில் இருந்த அரசு நிறுவனம் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதையே 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கே தயாரித்தது. அந்த நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை 1989 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்து போனது தனிக் கதை. வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்குப் புனேவில் டெசிபெல்ஸ் கம்பெனி சின்கிளேர் ஸ்பெக்ட்ரத்தை 'டி.பி. ஸ்பெக்ட்ரம்' என்று செய்து விற்றது. சென்னையில் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸின் 'சிவா பி.சி.' வந்தது. ஆனால் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எங்கே போகும்? அதற்கு வீட்டுக் கம்ப்யூட்டர் என்பதே பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்தான்.

இன்னொன்று. இந்தப் பெட்டியை வடிவமைத்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் அடுத்து 'ஆர்ம்' பிராசசரை வடிவமைத்தார்கள். 1985இல் வந்த முதல் ஆர்ம் சிப்பை ஒரு பி.பி.சி. மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். இப்போது உங்கள் கையில் இருக்கும் போனுக்குள் இருப்பது அந்த வம்சம். பாட்டனை எடைக்குப் போட்ட கதை இது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம ஊரில் பழைய கம்ப்யூட்டருக்கு ரெண்டே ரெண்டு தராசுதான் இருக்கிறது. ஒன்று காயலான் கடைத் தராசு: கிலோ எவ்வளவு? இன்னொன்று கலெக்டர்களின் தராசு (மாவட்ட கலெக்டர் இல்லை சாமி, சேகரிக்கிறவர்கள்): வெளிநாட்டில் எவ்வளவு? முதல் தராசைப் பார்த்து நாம் எல்லாரும் 'ஐயோ அநியாயம்' என்கிறோம். ரெண்டாவதைப் பார்த்து வாய் பிளக்கிறோம். என் கட்சி என்னவென்றால், ரெண்டும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன. ரெண்டுமே பெட்டியை மட்டும் தூக்கிப் பார்க்கின்றன.

உடனே ஆப்பிள்-1 கதையைக் கொண்டு வருவீர்கள். தெரியும். 1976இல் 666 டாலர் 66 சென்ட்டுக்கு விற்ற போர்டு. மொத்தம் சுமார் 200தான் செய்தார்கள். அதில் ஒன்று 2014 அக்டோபரில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 9,05,000 டாலருக்குப் போனது. ஹென்றி ஃபோர்டு மியூசியம் வாங்கியது. 2015இல் கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி இறந்துபோன கணவரின் சாமான்களை மறுசுழற்சிக் கடையில் போட்டுவிட்டுப் போக, அதற்குள் ஒரு ஆப்பிள்-1 இருந்து, கடைக்காரர்கள் ரெண்டு லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு, பாதிப் பணத்தைக் கொடுக்க அவரைத் தேடினார்கள். இந்தக் கதையைப் படித்துவிட்டுத்தான் நம்ம பசங்க பரணில் ஏறுகிறார்கள்.

ஆனால் அதே ஆப்பிள்-1 கதையில் இன்னொரு ஏலத்தையும் பாருங்கள். 2010 நவம்பரில் லண்டன் கிறிஸ்டிஸில் ஒரு ஆப்பிள்-1 1,33,250 பவுண்டுக்கு விற்றது. அதோடு என்ன இருந்தது? அது வந்த அட்டைப்பெட்டியும், ஸ்டீவ் ஜாப்ஸ் கையெழுத்திட்ட ஒரு கடிதமும். அதாவது காகிதத்துக்கு விலை உண்டு என்று அந்தச் சந்தைக்கு நன்றாகவே தெரியும். ஜாப்ஸ் எழுதிய காகிதம் என்றால் ஏலத்தில் மதிப்பு. எங்க மலை வாத்தியார் எழுதிய காகிதம் என்றால் எடைக்கு. இதை மதிப்பீடு என்று சொல்ல என்னால் முடியாது.

நான் மூன்று பெட்டியின் படத்தையும் சேகரிப்பவர்கள் கூடும் ஓரிடத்தில் போட்டேன். ஒரே நாளில் ஒரு பெரிய நகரத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நல்லா மரியாதையாகத்தான் பேசினார். அவர் கேட்ட கேள்விகளை வரிசையாகச் சொல்கிறேன்:

அட்டைப்பெட்டி இருக்கா? இல்லைங்க.

மேல் மூடி ரொம்ப மஞ்சளா? கொஞ்சம் மஞ்சள்தாங்க.

பரவாயில்லை, பெராக்சைடு போட்டு வெளுத்துக்கலாம். பக்கத்துல ஏதோ பெயிண்ட்ல எழுதியிருக்கே, அது என்ன? ஸ்டாக் நம்பருங்க, ஸ்கூல் பேரும் இருக்கு.

அதைத் தின்னர் போட்டுத் துடைச்சிடுங்க, இல்லேன்னா ரேட்டு கம்மியாயிடும்.

கேசட் இருக்குங்களே? கடையில வாங்கின கேம் கேசட்டுன்னா சொல்லுங்க. கையால எழுதினது வேண்டாம்.

அவர் சொன்ன தொகை என்னுடைய ஒரு செமஸ்டர் மெஸ் பில். பொய் சொல்ல மாட்டேன், ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அப்பா டேன்டீயில் வேலை செய்கிறார். எங்க வீட்டில் அந்தத் தொகைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த ராத்திரிதான் எனக்குப் புத்தி வந்தது. அவர் துடைக்கச் சொன்ன ஒவ்வொன்றும் இந்தப் பெட்டி நம்முடையது என்பதற்கான அடையாளம். ஸ்டாக் நம்பரையும் பள்ளிப் பெயரையும் துடைத்து, வெளுத்து, கையெழுத்துக் கேசட்டை எறிந்துவிட்டால் மிச்சம் இருப்பது என்ன? இங்கிலாந்தில் லட்சக்கணக்கில் செய்த ஒரு மெஷின். அதை நாம் காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லை. கேம்பிரிட்ஜில் ஒரு கம்ப்யூட்டர் மியூசியம் இருக்கிறது, பிளெட்ச்லி பார்க்கில் ஒன்று இருக்கிறது. அவர்கள் நம்மை விட நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள். அவர்களிடம் இல்லாதது ஒன்றுதான்: நீலகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தேய்த்துத் தேய்த்து எழுத்து அழிந்துபோன அந்த 'ஏ' கீ. சந்தை எதற்கு விலையைக் குறைக்கிறதோ, அதுதான் நமக்கு விலை.

இது ஏதோ உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதாக நினைக்கிறவர்கள் ஒரு நாள் எங்க ஊருக்கு வாருங்கள். நடுவட்டத்தில் ஒரு பழைய ஜெயில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே சின்கோனாத் தோட்டம் போட்டான். மலேரியாவுக்குக் குயினைன் எடுக்க. அந்தத் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்த சீனக் கைதிகளை அடைத்து வைத்த இடம் அது. டூரிஸ்டு வண்டி நிறுத்தி ஜனங்கள் பார்க்கிறார்கள். கல்லு என்ன விலை, கதவு எத்தனை கிலோ என்று யாராவது கேட்கிறார்களா? 'உள்ளே யார் இருந்தாங்க?' என்றுதான் கேட்கிறார்கள். சுவரில் இருக்கும் கறையைச் சுரண்டி வெள்ளை அடித்தால்தான் மதிப்பு என்று யாராவது சொன்னால் சிரிப்போம். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் அப்படி?

சட்டத்தைக் கேட்டால் அது இன்னும் வேடிக்கை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருள் தொல்பொருள் ஆக நூறு வருஷம் ஆகணும். கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 வருஷம். இந்தப் பெட்டிக்கு வயது சுமார் நாற்பது. அதுவரைக்கும் சட்டத்தின் கண்ணில் இது என்ன? மின்கழிவு. அதற்கு விதிகள் இருக்கின்றன, 2022இல் புதிதாக எழுதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஆக, நூறு வயது வரை குப்பை, நூற்றொன்றாம் வயதில் பொக்கிஷம். நடுவில் இருக்கும் அறுபது வருஷம் யார் வீட்டுப் பரணில் இருக்கும்? எங்க ஊர் மழையில் இரும்பே அறுபது வருஷம் தாங்காது. கேசட் தாங்குமா?

இனி எதிர்க்கட்சி வாதங்கள். நண்பர்கள் சொன்னது, நானே எனக்குச் சொல்லிக்கொண்டது, ரெண்டும் சேர்த்து.

'கலெக்டர்கள் இல்லாட்டி இந்த மூணு பெட்டியும் காயலான் கடையில உடைஞ்சிருக்குமே?' உண்மை. ஒத்துக்கொள்கிறேன். விலை இருக்கிறது என்ற செய்திதான் என்னையே அந்த வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தது. கெட்டுப்போன மெஷினுக்கு உயிர் கொடுக்கத் தெரிந்தவர்களும் அவர்களில்தான் இருக்கிறார்கள். ஆனால் பெட்டியைக் காப்பாற்றிவிட்டு நோட்டை எடைக்கு அனுப்புகிறவன், வீட்டுக்குள் தீப்பிடித்தபோது ஃபிரேமை மட்டும் எடுத்துக்கொண்டு போட்டோவை விட்டுவிட்டு வந்தவன். (அந்த மடையன் நான்தான். மறுபடியும் ஞாபகப்படுத்துகிறேன்.)

'எமுலேட்டர் இருக்கே, பிரவுசரிலேயே பி.பி.சி. மைக்ரோ ஓடுதே?' ஓடுகிறது. அதில் எதை ஓட்டுவீர்கள்? வெள்ளைக்காரப் பிள்ளைகள் விளையாடிய கேம் எல்லாம் இருக்கிறது. நம்ம வாத்தியார்கள் எழுதிய ஒரு புரோகிராம் காட்டுங்கள் பார்ப்போம். எமுலேட்டர் என்பது அடுப்பு. அரிசி நாம்தான் கொண்டுபோக வேண்டும். 1986இல் பி.பி.சி.யே பிரிட்டன் மக்களின் வாழ்க்கையை லேசர் டிஸ்கில் பதிந்து 'டூம்ஸ்டே' என்ற பெரிய திட்டம் செய்தது. பதினைந்து வருஷத்தில் அதைப் படிக்க மெஷின் கிடைக்காமல் திண்டாடிப்போய், 2002 வாக்கில் ஆராய்ச்சியாளர்கள் பாடுபட்டு மீட்டார்கள். பணமும் பல்கலைக்கழகமும் இருக்கிற ஊரிலேயே இந்தக் கதி.

'ஏழை வீட்டுப் பையன் விற்றுப் பணம் பார்த்தால் உனக்கென்ன?' இதுதான் கஷ்டமான கேள்வி. நான் விற்காதே என்று சொல்லவில்லை. மூன்றில் ஒன்றை நானே விற்றேன். மெஸ் பில் கட்டினேன். ஆனால் ஸ்டாக் நம்பரைத் துடைக்கவில்லை. எந்தப் பள்ளி, எந்த வருஷம், எப்படிக் கைக்கு வந்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துத்தான் கொடுத்தேன். ரேட்டு குறைந்தது. குறையட்டும்.

கேசட் கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்பதில் நாலு பூசணம் பிடித்துவிட்டது. நாடா ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக. மிச்சம் ஐந்தை சித்தியின் பழைய டேப் ரிகார்டரில் போட்டு லேப்டாப்பில் பதிந்தேன். பி.பி.சி. மைக்ரோ கேசட்டில் தரவு என்பது வெறும் சத்தம்தான். 1200 ஹெர்ட்ஸ் ஒரு அலை என்றால் பூஜ்யம், 2400 ஹெர்ட்ஸ் ரெண்டு அலை என்றால் ஒன்று. அதை 256 பைட் துண்டு துண்டாக எழுதியிருக்கும். ஒரு துண்டு கெட்டுப்போனால் மெஷின் 'டேட்டா?' என்று நம்மையே கேட்கும். என்னத்தைச் சொல்ல, எனக்கும் அதே கேள்விதான்!

நாலாவது கேசட்டில் அந்த எழுத்துகள் இருந்தன. ரெண்டு துண்டு போய்விட்டது. 32 எழுத்தில் 19 வந்தது. அதோடு ஒரு வாய்ப்பாடு விளையாட்டு. பதில் சரியாக இருந்தால் திரையில் 'சரி' என்று தமிழில் வர வேண்டும், இல்லாவிட்டால் 'தவறு'. 'தவறு' முழுசாக வந்தது. 'சரி'யில் பாதி எழுத்து கெட்டுப்போய்க் கட்டம் கட்டமாக நின்றது. நோட்டு இருந்திருந்தால் எட்டு எண்ணைப் பார்த்து ரெண்டு நிமிஷத்தில் சரி செய்திருப்பேன்.

அந்த வாத்தியாரின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். ரிட்டயர் ஆகிக் கீழே சமவெளியில் மகன் வீட்டில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் குரலே மாறிவிட்டது. "அது இன்னும் இருக்கா தம்பி?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பச்சை அட்டை போட்ட நோட்டு ஒண்ணு இருந்துச்சே, அதுவும் இருக்கா?"

"இல்லைங்க சார்."

"பரவாயில்லப்பா. அது சும்மா ரஃப் நோட்டுதான்."

ரஃப் நோட்டாம்.

அவரையும் அப்படி நினைக்க வைத்தது யார்? பெட்டி அரசாங்கச் சொத்து, அதற்கு ஸ்டாக் நம்பர் உண்டு, ஆடிட் உண்டு. அதை வைத்து ஒரு மனுஷன் செய்த வேலைக்கு எந்த ரிஜிஸ்டரிலும் இடம் கிடையாது. கழிக்கும்போதும் பெட்டியைத்தான் எண்ணிக் கழிக்கிறார்கள். விற்கும்போதும் பெட்டியைத்தான் படம் எடுக்கிறோம்.

ஆகையால் என் வகுப்புத் தோழர்களுக்கும் முகம் தெரியாத நண்பர்களுக்கும் சொல்வது இதுதான். உங்கள் ஊரிலும் ஒரு வண்டியில் இப்படிச் சாமான் ஏறிக்கொண்டிருக்கும். போய்ப் பாருங்கள். பார்த்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. முதலில் காகிதம். நோட்டு, ரிஜிஸ்டர், கேசட் உறை, எதில் கையெழுத்து இருந்தாலும் அதைத்தான் முதலில் தூக்கணும்.

2. அடுத்து கேசட், ஃபிளாப்பி. ஈரம் இல்லாத டப்பாவில் போடுங்கள். பூசணம் இருந்தால் டேப் ரிகார்டரில் போடாதீர்கள், ஹெட்டும் கெடும், மற்ற கேசட்டும் கெடும். பதியும்போது சுருக்காத 'வேவ்' கோப்பாகப் பதியுங்கள். எம்.பி.3 வேண்டாம்.

3. பெட்டி கடைசி. ஆசையில் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். பி.பி.சி. மைக்ரோவின் பவர் சப்ளையில் இருக்கும் பழைய காகிதக் கப்பாசிட்டர்கள் ஈரம் இழுத்து வெடித்துப் புகை விடும். தெரிந்தவர்களிடம் காட்டி மாற்றிய பிறகுதான் கரண்ட்.

4. எழுதியிருக்கும் எதையும் துடைக்காதீர்கள். எங்கே கிடைத்தது, யார் பயன்படுத்தினார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். விற்றாலும் தாளோடு விற்றுத் தொலையுங்கள்.

5. பயன்படுத்தியவர் உயிரோடு இருந்தால் போன் செய்யுங்கள். இதற்குச் செலவே இல்லை.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டில் 2011 முதல் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அரசு லேப்டாப் கொடுத்தார்களே, நம்ம வீட்டில் முதல் கம்ப்யூட்டர் பலருக்கு அதுதான். என் அக்காவுடையது பேட்டரி செத்து பீரோவுக்கு மேலே கிடக்கிறது. மூடியில் ஸ்டிக்கர், உள்ளே அவள் பிளஸ் டூவில் எழுதிய கவிதைகள். அம்மா போன வாரம் கேட்டார்கள், "அதை எடைக்குப் போட்டுடலாமாடா?"

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டேன். ஸ்டிக்கரைத் தொடவில்லை.

பி.கு: மீதி இரண்டு பெட்டியும் கேசட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பள்ளிக்கூடமே திரும்பக் கேட்டால் ஒன்றைச் சும்மாவே கொடுக்கத் தயார், கண்ணாடி போட்டு வைப்பார்கள் என்றால். வாத்தியார் விட்டுப்போன 13 எழுத்துகளையும் ஞாபகத்திலிருந்து திரும்பப் போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். பேரனின் கணக்கு நோட்டில் கட்டம் போட ஆரம்பித்துவிட்டாராம்.